மணி அடிச்சா நிக்கணும்

பந்து நர்மதாவின் கையில் இருந்தது. எதிரே ஒருத்திகூடக் கிடையாது. நாலு தப்படி ஓடி எகிறினால் கூடை. ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கலங்கரை மாதா பெண்கள் பள்ளி, தன் ஆயுளிலேயே முதல் பாஸ்கெட் பால் மேட்சில் எதிரணியை முந்திவிடும்.

“போ நர்மதா, போ!” என்று கோட்டுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தார் பி.டி. சார் லட்சுமணன்.

அப்போது மணி அடித்தது.

பகல் பன்னிரண்டுக்கு அடிக்கும் ஜெப மணி. மைதானத்தை ஒட்டிய சிற்றாலயத்தின் கோபுரத்திலிருந்து மும்மூன்றாக வரும். நர்மதா சட்டென்று நின்றாள். பந்தைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைத்தாள். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற நாலு பேரும் அவரவர் நின்ற இடத்திலேயே கைகூப்பினார்கள்.

எண்ணூரிலிருந்து வந்திருந்த எதிரணிப் பெண்கள் முதலில் பயந்துதான் போனார்கள். ஏதோ புதுவித ஆட்டமுறை என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒருத்தி அடிமேல் அடி வைத்து வந்து பந்தை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. கூடையில் போட்டாள். அப்போதும் யாரும் தடுக்கவில்லை. அப்புறமென்ன, ஒன்றரை நிமிஷ ஜெபம் முடிவதற்குள் நாலு கூடை, எட்டுப் புள்ளி.

“ஆமென்” என்று கண் திறந்த நர்மதா கேட்டாள். “சார், பந்து எங்க சார்?”

லட்சுமணன் ரெஃபரியிடம் ஓடினார். ரெஃபரி பீம்ராவ் வியாசர்பாடிக்காரர். புத்தரைக் கும்பிடுகிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, விதிப் புத்தகம் இருக்கும்.

“இன்னா சார் அநியாயம்? பசங்க ஜெபம் பண்ணிகினு இருக்கு, அவங்க கூடை கூடையா போடுறாங்க, நீங்க பாத்துகினு நிக்கிறீங்க!”

“மாஸ்டர், என் புக்குல மணிக்கு லீவு கிடையாது. நான் விசில் அடிச்சாதான் ஆட்டம் நிக்கும். இன்னிக்கி உங்க பசங்க நின்னாலும் அதான், நாளைக்கி வேற யாரு நின்னாலும் அதான். பீம்ராவுக்கு எல்லாரும் ஒண்ணு.”

லட்சுமணன் தன் அணியின் பக்கம் திரும்பினார். ஐந்து பேரில் ஒரே முஸ்லிம் பெண்ணான, குள்ளமும் துறுதுறுப்புமான உமைமா கண்ணில் பட்டாள்.

“ஏம்மா, அவங்களாவது ஜெபம் பண்றாங்க. நீ ஏன் நின்ன?”

“எல்லாரும் நிக்கிறாங்க சார். நான் மட்டும் ஓடுனா நல்லாவா இருக்கும்?”

மேட்ச் ஒன்பது புள்ளியில் கைவிட்டுப் போனது.

லட்சுமணன் இந்தப் பள்ளியில் பி.டி. சாராகச் சேர்ந்து பதினேழு வருடம். பதினேழு வருடத்தில் அவர் சொல்லிக்கொடுத்த விளையாட்டு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பி.டி. பீரியட் வந்தால் கணக்கு டீச்சர் ரோஸ்மேரி வாசலில் வந்து நின்று, “சார், போர்ஷன் முடியல” என்பார். லட்சுமணன் பீரியடைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கொடிக்கயிற்றைச் சரிபார்க்கப் போய்விடுவார். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும்தான் அவர் கோச். ஊரில் அவருக்கு வேறொரு பெயர் உண்டு. கேரம் போர்டு லட்சுமணன். வடசென்னை முழுக்க அவர் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் நாலு தெருவும் வேடிக்கை பார்க்க வரும். ஆனால் ராயபுரத்து சிஸ்டர்களிடம் கேரம் எடுபடுமா?

போன வருடம் ஒரு பழைய மாணவி வெளிநாட்டிலிருந்து வந்து, மைதானத்துக்கு சிமெண்ட் தரை போட்டு, இரண்டு பாஸ்கெட் பால் கம்பமும் நட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் லட்சுமணனுக்கு உயிர் வந்தது. பாஸ்கெட் பால் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கம்பத்தில் ஒரு போர்டு இருந்ததைப் பார்த்தார். போர்டு என்று ஒன்று இருந்துவிட்டால் லட்சுமணனிடம் விட்டுவிட வேண்டியதுதான். “நேரா ரிங்கைப் பாக்காதீங்க. போர்டுல அந்த வெள்ளைக் கட்டத்தோட மூலையைப் பாருங்க. அதுல பட்டா காயின் தானா பாக்கெட்டுக்குப் போவும்” என்று சொல்லிக்கொடுத்தார். ஆச்சரியம், போனது. ஆறே மாதத்தில் ஒரு அணி தயார்.

ஆனால் சர்ச்சின் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்கு அந்த சிமெண்ட் தரையைப் பார்த்ததும் வேறு ஆசை வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர்களின் பைக் நிறுத்த இவ்வளவு தோதான இடம் ராயபுரத்திலேயே கிடையாதாம். தலைமையாசிரியை சிஸ்டர் ஜூடி, சீசன் ஆரம்பிக்கும் முன்பே லட்சுமணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“அஞ்சு மேட்ச் இருக்கு. ஒண்ணே ஒண்ணு ஜெயிங்க, கம்பம் நிக்கும்னு பேரவையில பேசி வாங்கியிருக்கேன். ஒண்ணுகூட ஜெயிக்கலன்னா கம்பத்தப் புடுங்கிட்டு பார்க்கிங். அப்புறம் நீங்க என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“ஒண்ணு என்ன சிஸ்டர், அஞ்சும் ஜெயிப்போம்” என்று அன்று மார்தட்டினார் லட்சுமணன்.

இப்போது அதே அறையில், அதே நாற்காலிக்கு எதிரில், மார்பைத் தட்டாமல் நின்றார்.

“சிஸ்டர், சனிக்கிழமை மட்டும், அந்த மணிய ஒரு கால்மணி நேரம் தள்ளி...”

சிஸ்டர் ஜூடி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பள்ளியின் பூனைகூட வெளியே போய்விடும். ஆறு வருடத்துக்கு முன் மாதவரத்து கான்வென்ட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த முதல் வாரமே பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு எல்லோரும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவர். சோறு வாயருகே போனாலும் சரி, சாக்பீஸ் கரும்பலகையில் இருந்தாலும் சரி, அப்படியே நிற்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் நிற்க ஆரம்பித்த நர்மதா இப்போது ஒன்பதாம் வகுப்பு. அது அவள் எலும்பிலேயே ஊறிவிட்டது.

“லட்சுமணன் சார், மணி யாருது?”

“ஆண்டவருது சிஸ்டர்.”

“அப்ப ஆண்டவரோட நேரத்த நீங்க மாத்துவீங்களா?”

“மேட்ச் நேரத்த மாத்த முடியாது சிஸ்டர். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள பெரிய ஸ்கூலுங்க ஆடி முடிச்சிடுறாங்க. நமக்குக் கடைசியா பதினொண்ணே கால்தான் குடுக்குறாங்க. கடைசி குவார்ட்டர்ல கரெக்டா மணி...”

“மணி பன்னெண்டுக்குத்தான்” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார் சிஸ்டர். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கோபுரத்துக்குள் மணிக்கயிற்றை இழுக்கிறவர் வாட்ச்மேன் டில்லிபாபு. காசிமேட்டுக்காரர். விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், முதுகில் அடிபட்டதும் கரையிலேயே தங்கிவிட்டார். நர்மதா இவர் மகள்தான். லட்சுமணன் அவரைத் தனியாக ஓரங்கட்டினார்.

“டில்லி, சனிக்கிழமை ஒரு கால்மணி நேரம் லேட்டா அடிக்கிறியா?”

“அய்ய! சிஸ்டருக்குத் தெரிஞ்சா நம்ம கதை கந்தல் சார்.”

“உன் பொண்ணுக்காகத்தான்பா கேக்குறேன். கம்பத்தப் புடுங்கிடுவாங்க டில்லி. அவ அழுதா நீ தாங்குவியா?”

டில்லிபாபு தலையைச் சொறிந்தார். “அது வூட்லகூட பந்த தட்டிகினேதான் கீது. ராவெல்லாம் கனவுலயும் ‘பாஸ், பாஸ்’ங்குது. சரி வுடு சார். பாத்துக்கலாம்.”

இரண்டாவது மேட்சில் பன்னிரண்டு அடித்தது, அதாவது கடிகாரத்தில். கோபுரம் அமைதி. லட்சுமணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மேட்ச் சமநிலையில் இருந்தது.

ஆனால் பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிஷத்தில் உமைமா ஓடியபடியே கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தவளும் பார்த்தாள். ஐந்து பேரும் பந்தை விட்டுவிட்டு ஆகாயம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறு வருடத்தில் ஒருநாள்கூடத் தவறாத மணி தவறினால் யாருக்குத்தான் கை ஓடும்? நர்மதாவின் முகம் வெளுத்துவிட்டது.

“எங்க நைனாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சு!”

அவ்வளவுதான். பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கோபுரத்தைப் பார்த்து ஓடினாள். கேப்டன் ஓடினால் அணி சும்மா நிற்குமா? ஐந்து பேரும் ஓடினார்கள். மைதானத்தில் எதிரணி ஐந்து பேரும், பீம்ராவும், தலையில் கை வைத்தபடி லட்சுமணனும்தான் மிச்சம். கோபுரத்தில் டில்லிபாபு காலை நீட்டி உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். மகள் “நைனா!” என்று அலறிக்கொண்டு வந்து விழுந்ததும் போண்டா தொண்டையில் சிக்கிக்கொண்டது. சற்று நேரத்தில் பின்னாலேயே சிஸ்டர் ஜூடியும் வந்து நின்றார்.

“கயிறு சிக்கிகிச்சு சிஸ்டர்” என்றார் டில்லிபாபு, கண்ணில் நீரோடு. கண்ணீர் போண்டாவால் வந்தது.

சிஸ்டர் கயிற்றைப் பார்த்தார். கயிறு ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி, மூச்சிரைக்க வந்து நின்ற லட்சுமணனையும் பார்த்தார்.

“நீங்க ஆட்டத்தப் பாருங்க சார். இனிமே மணிய நான் பாத்துக்கறேன்.”

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பதினொன்று ஐம்பதுக்கெல்லாம் சிஸ்டர் கைக்கடிகாரத்தோடு கோபுரத்துக்குள் போய், டில்லிபாபுவின் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். ஒரு நொடி இப்படி அப்படி நகராது.

“மணிய நிறுத்த முடியலன்னா காத அடைச்சிடு” என்று யோசனை சொன்னது லட்சுமணனின் மனைவி வரலட்சுமி. வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னதை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மூன்றாவது மேட்சுக்கு ஐந்து பேரின் காதிலும் பஞ்சு.

மணி கேட்காது என்பது உண்மைதான். ஆனால் விசிலும் கேட்கவில்லை. பீம்ராவ் விசில் அடிக்கிறார், இவர்கள் பாட்டுக்கு ஓடுகிறார்கள். கன்னம் உப்ப மறுபடி அடிக்கிறார், இவர்கள் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள். எதிரணிப் பெண் தண்ணீர் குடிக்கப் போன இடத்துக்கே போய் உமைமா அவளை மறித்து நின்றாள். “போதும், வாங்க!” என்று லட்சுமணன் கத்த, “சூப்பரா ஆடுறோமா சார்?” என்று நர்மதா திருப்பிக் கத்தினாள்.

“மாஸ்டர், இது ஆட்டமா, ஜல்லிக்கட்டா?” என்று கேட்டார் பீம்ராவ். ஃபவுல் மேல் ஃபவுல்.

சரி, தொலையட்டும், மணிக்காவது நிற்க மாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார் லட்சுமணன். பன்னிரண்டு அடித்தது. மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த இருநூற்று அறுபது மாணவிகளும், டீச்சர்களும், ஆயாவும் ஒரே ஆளாக எழுந்து கைகூப்பினார்கள். அதைப் பார்த்த ஐந்து பேரும் சட்டென்று நின்றார்கள். காதில் பஞ்சோடு நின்றதால் ஜெபம் எப்போது முடிந்தது என்பதும் தெரியவில்லை. வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூடவே நின்றார்கள்.

தோல்வி மூன்று.

நாலாவது மேட்சுக்கு லட்சுமணன் விதிப் புத்தகத்தையே வாங்கிப் படித்தார். டைம் அவுட் என்று ஒன்று இருந்தது. கோச் கேட்டால் ஒரு நிமிஷம் ஆட்டம் நிற்கும். பன்னிரண்டு அடிக்கும்போது டைம் அவுட்டில் இருந்துவிட்டால்? இவர்கள் ஜெபம் பண்ணலாம், எதிரணி தண்ணீர் குடிக்கலாம், மிஞ்சினால் அரை நிமிஷம்தான் நஷ்டம். இந்த மூளை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது முன்ஜாக்கிரதையாகக் கேட்டார்.

“கேட்டதும் குடுக்க இது கேன்டீன் டோக்கன் இல்ல மாஸ்டர்” என்றார் பீம்ராவ். “பந்து ஆட்டத்துல இருக்கச்சொல்ல தரமாட்டேன். பந்து வெளிய போவணும், இல்லன்னா அவங்க கூடை போடணும், அப்ப தரேன்.”

பந்து ஆட்டத்திலேயே இருந்தது. வெளியே போவேனா என்றது. லட்சுமணனுக்கு வேறு வழி தெரியவில்லை. எதிரணி கூடை போட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். “போடும்மா, போடு! அப்படித்தான், இன்னும் கொஞ்சம் மேல!” என்று அவர்களை உற்சாகப்படுத்தவும் செய்தார். நர்மதா திரும்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற மகள் அப்படிப் பார்த்திருந்தால் மனுஷர் அன்றைக்கே வீட்டை விட்டு ஓடியிருப்பார்.

எதிரணி ஒருவழியாகப் போட்டது. டைம் அவுட். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ஒரு நிமிஷம் முடிந்தது. பதினொன்று ஐம்பத்தொன்பது. பீம்ராவ் விசில் அடித்தார், ஆட்டம் தொடங்கியது. பன்னிரண்டு. மணி அடித்தது.

லட்சுமணன் அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து பேரும் நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை பேரவையிலிருந்து இரண்டு பேர் வந்து மைதானத்தை டேப் வைத்து அளந்தார்கள். எத்தனை பைக் நிற்கும் என்று அவர்கள் கணக்குப் போடுவதை, நர்மதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது லட்சுமணனுக்கு.

நேராக சிஸ்டரின் அறைக்குப் போனார். இந்தமுறை நாற்காலியைக் கேட்காமலே இழுத்து உட்கார்ந்தார்.

“சிஸ்டர், மணிய மாத்துங்கன்னு கேக்கல. கடிகாரத்த மாத்துங்கன்னு கேக்கல. பசங்க நல்லா ஆடுதுங்க. மெய்யாலுமே நல்லா ஆடுதுங்க. பதினேழு வருஷத்துல இந்த ஸ்கூல்ல நான் சொல்லிக்குடுத்து வந்தது இந்த அஞ்சு பேர்தான். இதுங்க தோத்துப் போறது ஆட்டத்துல இல்ல, அந்த ஒன்றரை நிமிஷத்துல. ஆண்டவரே கீழ வந்து பாத்தா மனசு கேக்காது சிஸ்டர். இப்ப நான் இன்னாதான் பண்ண?”

சிஸ்டர் ஜூடி கண்ணாடியைக் கழற்றவில்லை.

“ஜெபத்த விடக் கூடாது” என்றார்.

“விடல சிஸ்டர்.”

“வாய் ஜெபம் சொல்லணும். மனசு ஜெபத்துல இருக்கணும். காலும் நிக்கணும்னு நான் வச்சது வகுப்புக்காக. மைதானத்துல கால் ஓடுனா ஆண்டவர் கோச்சுக்க மாட்டார்.”

லட்சுமணன் வாயைப் பிளந்தார். “இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!”

“நீங்க முதல் நாள் இதக் கேக்கலியே. மணிய மாத்துங்கன்னுதானே கேட்டீங்க.” சிஸ்டர் எழுந்தார். “மணி பன்னெண்டுக்குத்தான்.”

அந்த வாரம் முழுக்கப் பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் பயிற்சி. ரோஸ்மேரி டீச்சரிடம் முதல்முறையாக, “தர முடியாது டீச்சர், எனக்குப் போர்ஷன் முடியல” என்று சொல்லிவிட்டார் லட்சுமணன். மணி அடிக்கும். முதல் நாள் ஐந்து பேரும் நின்றார்கள். இரண்டாம் நாள் நடந்தார்கள். மூன்றாம் நாள் ஜெபத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பந்தை ஒருமுறை தட்டினார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் நர்மதா முணுமுணுத்தபடியே மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கிறாள். உமைமா தன் வீட்டில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டு பறந்தாள். அவள் ஜெபம் கொஞ்சம் சின்னது, அதனால் முதலில் போய்ச் சேர்ந்தாள்.

கடைசி மேட்ச் மாதவரத்து கான்வென்ட்டோடு. அதுவரை நாலும் ஜெயித்த அணி. வழக்கமாகக் காலை ஏழு மணிக்கே ஆடி முடித்துவிட்டு வேனில் ஏறிவிடுவார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வெயிலில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் விளக்குக் கம்பம் உயரம். நர்மதா அணியைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு மரியாதையானவர்கள்.

ஆனால் இவர்கள் ஆடினார்கள் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டம்! போர்டின் மூலையில் பட்டு விழுந்தது, விளிம்பில் பட்டு விழுந்தது. கேரமில்கூட லட்சுமணன் அப்படிப் போட்டதில்லை. இருநூற்று அறுபது பெண்களும் தொண்டை கிழியக் கத்தினார்கள். வாசலில் மீன் கூடையோடு போன நாலு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் மாதவரம் மாதவரம்தான். அவர்கள் எட்டிப் போட்டால் கூடை. கடைசி நிமிஷத்தில் மாதவரம் முப்பத்தொன்று, கலங்கரை மாதா முப்பது.

அன்று ஃபவுல் குறைவு. ஆட்டம் மளமளவென்று ஓடிவிட்டது. லட்சுமணன் போனைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தாறு. இன்னும் நாற்பது நொடி. மணி அடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். ஒரு வாரமாக ஜெபத்தோடு ஓடப் பழக்கியது அத்தனையும் வீண். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவருக்கு.

பந்து மாதவரத்தின் கையில். அவர்கள் அவசரப்படவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்? நிதானமாகத் தங்களுக்குள் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து நொடி. முப்பது.

அப்போது மணி அடித்தது.

“அடப்பாவி டில்லி!” என்று கத்தினார் லட்சுமணன். “இன்னும் நாலு நிமிஷம் கீதே!”

கத்தியவர் அப்போதுதான் மைதானத்தைப் பார்த்தார். மாதவரத்துப் பெண்கள் ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். கையில் பந்து வைத்திருந்தவள் அதைப் பூப்போலத் தரையில் வைத்தாள். கைகூப்பினாள். கண்ணை மூடினாள். ஐந்து விளக்குக் கம்பங்களும் அசையவில்லை. பெஞ்சில் இருந்த அவர்களுடைய கோச் சிஸ்டரும் எழுந்து கைகூப்பி நின்றார்.

நர்மதா அவர்களைப் பார்த்தாள். பந்தைப் பார்த்தாள். அவள் உதடு அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. குனிந்து, “சாரிக்கா” என்று ஜெபத்தின் நடுவே ஒரு சொல்லைச் செருகிவிட்டுப் பந்தை எடுத்தாள். சொல்லுக்கு ஒரு தட்டு, சொல்லுக்கு ஒரு தட்டு. உமைமாவுக்குப் பாஸ். உமைமா ரிங்கைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கட்டத்தின் மூலையைப் பார்த்தாள்.

காயின் பாக்கெட்டில் விழுந்தது.

பீம்ராவ் இரண்டு விரலைக் காட்டினார். முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. மாதவரம் “ஆமென்” என்று கண் திறப்பதற்குள் நேரம் முடிந்து, கடைசி விசிலும் அடித்தாகிவிட்டது.

அப்புறம் நடந்ததை எழுதி மாளாது. மீன்காரப் பெண்கள் குலவை போட்டார்கள். ரோஸ்மேரி டீச்சர் லட்சுமணனின் கையைப் பிடித்துக் குலுக்கி, “இனிமே உங்க பீரியட் எனக்கு வேணாம் சார்” என்றார். பீம்ராவ் விதிப் புத்தகத்தைத் தட்டிக்காட்டி, “நான் அன்னிக்கே சொன்னேன்ல மாஸ்டர், எல்லாருக்கும் ஒண்ணு” என்றார். லட்சுமணன் வெட்கத்தோடு மாதவரத்து கோச் சிஸ்டரிடம் போனார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்...”

“இதுல என்ன தப்பு? தோத்தாலும் எங்க பிள்ளைங்க மணிக்கு நின்னாங்களே, அதான் எங்களுக்குப் பெருமை” என்று அவர் மலர்ந்த முகத்தோடு சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து லேசாக நெற்றியைச் சுருக்கினார். நல்லவேளை, வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

சிஸ்டர் ஜூடி ஆலயத்திலிருந்து ஜெபமாலையோடு நிதானமாக நடந்து வந்தார்.

“ஓடும்போது ஜெபம் சொன்னாங்களா?”

“சொன்னாங்க சிஸ்டர். ஒரு சொல் விடல.”

“அப்ப கம்பம் நிக்கட்டும். பேரவைகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“சிஸ்டர், அந்த மணி இன்னிக்கி ஒரு நாலு நிமிஷம்...”

“நீங்க ஆட்டத்தப் பாருங்க சார்” என்றார் சிஸ்டர், நிற்காமல் நடந்தபடி. “மணிய நான் பாத்துக்கறேன்.”

லட்சுமணன் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். டில்லிபாபுவின் வேலைக்கு இன்றோடு உலை வைத்தாகிவிட்டது. மகளுக்காக மனுஷன் எவ்வளவு பெரிய காரியம் பண்ணிவிட்டான்! பக்கத்தில் சிஸ்டரை வைத்துக்கொண்டே நாலு நிமிஷம் முன்னால் அடிக்க எப்பேர்ப்பட்ட துணிச்சல் வேண்டும்! வாசல் கடையில் சூடாக நாலு பஜ்ஜியும் இரண்டு டீயும் வாங்கிக்கொண்டு கோபுரத்துக்கு ஓடினார்.

டில்லிபாபு ஜன்னலோரம் நின்று, மைதானத்தில் மகளைத் தோளில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. இந்தமுறை அது போண்டாவால் இல்லை.

“டில்லி!” லட்சுமணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “உன் வேலைக்கு ஒண்ணும் ஆவ வுடமாட்டேன். நான் சிஸ்டர் கால்ல விழுறேன். ஆனா நீ அடிச்ச பாரு ஒரு மணி! எப்படிப்பா உனக்குத் தைரியம் வந்துச்சு?”

டில்லிபாபு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

“நான் எங்க சார் அடிச்சேன்? கயித்த சிஸ்டர் புடுங்கிகினு, என்னை இந்த ஜன்னலாண்ட நிக்க வச்சி, ‘கடைசி நிமிஷத்துல மாதவரம் கைக்கு பந்து வந்ததும் சொல்லு டில்லி, அதுங்களுக்கு நிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்’னாங்க.”